வெள்ளைப் பன்றிகளுக்கு ஏற்படும் வெயிலெரிவு

பெருவெள்ளை, லாண்ட்றேஸ் ஆகிய இனப் பன்றிகள் விரைவாக வளர்வன. குட்டிகளையும் மிகுதியாக ஈனுவன. ஆயின், நாட்டுப் பன்றியின் கருந்தோல் இவற்றுக்கு இல்லை. கருந்தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள், சூரியவொளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்களிற் பெரும்பகுதியை உறிஞ்சித் தோலின் உட்பாகத்தைக் காக்கின்றது. வெண்தோலில் இப்பொருள் மிகக் குறைவு, மயிரும் அடர்த்தியன்று. கொட்டிலுக்குள்ளேயே வளர்ந்த பன்றியை வாங்கிவந்து திடீரெனத் திறந்த வெளியில் விடுவோர், மறுநாளே அதன் முதுகு சிவந்திருக்கக் காண்பர். சூரியன் உச்சியில் நிற்கும் ஏப்பிரல் மாதத்தில் இத்தீங்கு அதிகம். மேகமூட்டமான நாளிலும் இக்கதிர்கள் கணிசமான அளவில் நிலத்தை வந்தடையும்.

வெயிலெரிவினால் முதுகும் காதுகளும் சிவந்து நோகும். கடுமையாயின் கொப்புளித்துத் தோலுரியும். முதுகு நொந்த பெண்பன்றி ஆண்பன்றியின் பாரத்தைத் தாங்காது விலகும். அந்தச் சினைப்பருவம் வீணாகும். இளங்குட்டிகளின் காதோரம் வெடித்துப் புண்ணாவதுமுண்டு.

சிவப்பு யாவும் வெயிலெரிவன்று என்பதை இங்கு வற்புறுத்த வேண்டும். வெயிலெரிவு வெயில் படும் இடங்களில் மட்டுமே தோன்றும்; அடிவயிறும் தொடையின் உட்புறமும் வெண்மையாகவே இருக்கும். அவ்விடங்களும் சிவந்தோ நீலம் பாரித்தோ, பன்றி காய்ச்சலுற்று உணவை வெறுத்தாற் பன்றிக் காய்ச்சல் போன்ற தொற்றுநோயாக இருக்கலாம். அதனைத் தனியே பிரித்து வைத்து, மிருக வைத்தியருக்கு அன்றே அறிவித்தல் வேண்டும்.

பூசுமருந்துகளுள் நாகவொட்சைட்டுக் களிம்பு ஏற்றது. இவ்வெண்தூள் தோலின்மேல் ஒரு படலமாக நின்று கதிர்களை உறிஞ்சியும் சிதறச்செய்தும் தடுக்கின்றது. மருந்துக் கடைகளிற் கிடைக்கும் சாதாரண நாகக் களிம்பில் 100 கிராமுக்கு 15 கிராம் நாகவொட்சைட்டு உண்டு. காதின் பின்புறத்திலும் முதுகிலும், தோலின் நிறம் மறையுமளவுக்குத் தடிப்பாகப் பூசுக. மெல்லிய பூச்சாற் பயனில்லை. நீரிற் புரண்டபின் மீண்டும் பூச வேண்டும். பாலூட்டும் பன்றியின் முலைக்காம்புகளிற் பூசலாகாது. தேங்காயெண்ணெய் தோலை மென்மையாக்குமேயன்றிப் போதிய காப்பளிக்காது. இயந்திரங்களிலிருந்து கழித்த எண்ணெயைப் பூசும் வழக்கம் அறவே கைவிடத்தக்கது. அதிலுள்ள நச்சுப்பொருள்கள் தோலூடாகவும் நக்குவதாலும் உடலிற் சேரும்.

பத்துப் பன்றிகளுக்கு நாள்தோறும் களிம்பு பூசுவது எக்கமக்காரருக்கும் கட்டுபடியாகாது. ஆதலாற் களிம்பைப் புதிதாக வெளியே விடும் பன்றிகளுக்கும், ஏற்கெனவே எரிவுண்டவற்றுக்கும் ஒதுக்குக. ஏனையவற்றுக்குச் சேறே மருந்து. பன்றிக்கு வியர்வை மிகச் சொற்பமாதலால், உடலைக் குளிர்விக்கவே அது சேற்றிற் புரளுகின்றது. அழுக்கை விரும்பும் பிராணியென அதனை இகழ்வது நியாயமன்று. உலர்ந்து ஒட்டிய சேறு கதிர்களையும் மறைக்கும். நிழலுள்ள ஓரிடத்திற் சேற்றுக்குழி அமைத்து, நீர் நாற்றமெடுக்குமுன் மாற்றுக. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, கிடுகு வேய்ந்த பந்தலின் கீழ்ப் பன்றிகள் யாவும் ஒருங்கே படுக்க இடமிருத்தல் வேண்டும். தனித்து நிற்கும் தென்னையின் நிழல் இதற்குப் போதாது. அது நாழிகைக்கு நாழிகை இடம்பெயரும், உறங்கும் பன்றி பெயராது.