சூடு தாங்குமா இந்தக் கூப்பே?

கார் எஞ்சினுக்குள் விருத்தாசலத்துக்காரர்கள் பார்த்ததும் அடையாளம் சொல்லக்கூடிய பொருள் ஒன்று உண்டு: ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான். ஊர்ச் சூளைகளில் 1,200 டிகிரிக்கு மேல் வெந்து வரும் ஃப்யூஸ் கேரியருக்கும் பொம்மைக்கும் அது ஒன்றுவிட்ட உறவு. அவற்றுக்குக் களிமண், இதற்கு அலுமினா. எஞ்சின் ஓடும்போது அந்தப் பீங்கானின் மூக்கு ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படிகிற கரி எரிந்து போகும். 900-ஐ நெருங்கினால் பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் மூக்கு வெளிர்பழுப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாகி, பொடிப்பொடியாகக் கொப்புளமும் தெரிந்தால் அந்த எஞ்சின் சூட்டில் வதங்கியிருக்கிறது என்று பொருள். பிளக் புத்தம் புதிதாக மினுங்குகிறதா? பழையதை ஏன் மாற்றினார்கள் என்று விற்பவரிடம் கேட்கலாம்.

ரோட்டிலும் ஓட்ட வேண்டும், வருடத்தில் நாலைந்து நாள் டிராக்கிலும் இறக்க வேண்டும் என்று செகண்ட் ஹேண்ட் கூப்பே தேடுகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறன். அடுத்து, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பது. கேட்கட்டும், ஆனால் எடையையும் சூட்டையும் பார்த்து முடித்த பிறகு கேட்கட்டும் என்பதே என் கட்சி. டிராக்கையே எடுத்துக்கொள்வோம்: சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்குப் பிறகு, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் வந்த டிராக்கின் நீளம் 3.717 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அழுத்திப் பிரேக் பிடிப்பது எப்போதோ ஒருமுறை. அங்கேயோ ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை. நடுவில் ஆற நேரமில்லை. கணக்கு எளிது. 1,700 கிலோ கார் மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்கினால், பிரேக்கில் சேரும் வெப்பம் சாதாரணத் தண்ணீரில் ஆறு லிட்டர் அளவைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். 1,100 கிலோ கார், திறன் குறைவென்பதால் 150-ல் வந்து அதே 80-க்கு இறங்குகிறது என்று வையுங்கள்: இரண்டேகால் லிட்டர். அடுத்த வளைவில் மறுபடியும் அதே அடுப்பு.

இந்தத் தராசில் நம் சந்தையில் கிடைக்கும் கூப்பேக்களை நிறுத்துப் பார்க்கலாம். பட்டியலே சின்னதுதான். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை வெளிநாட்டிலிருந்து இறக்க நம் சட்டம் விடாது என்பதால், 2012-ல் உலகமெங்கும் கொண்டாடப்பட்ட டொயோட்டா 86 போன்ற எடை குறைந்த கார்கள் நம் கைக்கு வரவேயில்லை. வந்தவற்றில் பேர்பெற்றது ஃபோர்டு மஸ்டாங். 2016-ல் ஐந்து லிட்டர் வி8 எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியருமாக இறங்கியது. எடை ஏறத்தாழ 1,700 கிலோ. திண்டிவனம் ரோட்டில் அந்தச் சத்தத்துக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். டிராக்கில் அது மேலே சொன்ன ஆறு லிட்டர் அடுப்பு. நிசான் 370இசட் அதைவிட இளைத்தது, சுமார் 1,500 கிலோ. அதன் சிக்கல் எஞ்சின் ஆயிலில். டிராக்கில் சில சுற்றுகள் விரட்டினால் ஆயில் சூடேறி, கார் தானே திறனைக் குறைத்துக்கொள்ளும். ஆயில் கூலர் இல்லாத வண்டியென்றால் யோசிக்க வேண்டும். ஆடி டிடியின் உடலில் அலுமினியம் சேர்ந்ததால் எடை கட்டுக்குள் நிற்கிறது. ஆனால் பாரமெல்லாம் முன்பக்கம், முன் டயரும் முன் பிரேக்கும்தான் உழைத்துத் தேய வேண்டும்.

மிஞ்சுவது போர்ஷே கேமன். எஞ்சின் நடுவில், எடை 1,350 கிலோவை ஒட்டி, பின்சக்கரங்களும் பிரேக் பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும். சூட்டைத் தாங்கும் கூப்பே என்றால் நான் கை காட்டுவது இதைத்தான், அதிலும் 2009-க்குப் பிறகு வந்தவற்றை. அதற்கு முந்திய 3.4 லிட்டர் எஞ்சின்களில் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் குறை ஊரறிந்தது. பிளக்கைக் கழற்றிய துளை வழியே சின்ன கேமராவை விட்டுச் சுவரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. சரி, அதன் உதிரிபாகத்தின் விலை? அதைப் பழுது பார்க்க விருத்தாசலத்தில் ஆள் ஏது? நியாயமான கேள்விகள்தான். என்னிடம் அதற்குள்ள பதில் கூப்பே பிரியர்களுக்குக் கசக்கும்: காருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியே எடுத்துவைக்க முடியாதவர் கூப்பேயை விட்டு, 2020-ல் வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவல் போலோ மாதிரி ஒரு ஹேட்ச்பேக்குக்கு வருவது மேல்.

போலோவில் கூப்பே ஆசை தீருமா என்று சிரிக்கலாம். நம் பந்தய வரலாறு அப்படிச் சிரிக்கவில்லை. பந்தயக்காரர் கரிவரதன் 1988-ல் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதியைக் கட்டினார்; பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன கோவை நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியது அந்த வண்டியில்தான். 2010 முதல் போலோவுக்கென்றே தனிப் பந்தயத் தொடரும் நடந்தது. கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பேரிலேயே இருக்கும் டிராக் இரண்டு கிலோமீட்டரை ஒட்டியது. அங்கே பெரிய எஞ்சின் மூச்சு விடவே இடமிருக்காது.

பணம் ஒரு பொருட்டில்லை என்பவர் இன்னொரு வழி சொல்வார்: கார்பன் செராமிக் டிஸ்க். போர்ஷே 2001-ல் 911 ஜிடி2 காருடன் கொடுத்தது; இரும்பு டிஸ்க்கின் பாதி எடைதான், சூட்டுக்கு அசையாது. ஆனால் தொடர்ந்து டிராக்கில் காய்ச்சினால் உள்ளிருக்கும் கார்பன் இழை காற்றில் எரிந்து குறையும். மாற்றப் போனால் செலவு லட்சங்களில். அதைப் பத்திரமாகக் கழற்றிவைத்துவிட்டு இரும்பு டிஸ்க் மாட்டி டிராக்குக்குப் போகிறவர்கள் மேல்நாடுகளில் உண்டு. கடையில் ‘செராமிக்’ என்று அட்டைபோட்டு விற்கும் பிரேக் பேடு வேறு ஜாதி. சத்தமில்லாமல், தூசு படியாமல் ரோட்டில் ஓடச் செய்தது அது. பீங்கான் ஊரில் இருந்துகொண்டு அந்தப் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வருடத்தில் நாலு நாளுக்காக இத்தனை பார்க்க வேண்டுமா என்பது கடைசி மறுப்பு. கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போதும் பிரேக்குக்கு இதே சோதனைதான். அங்கே முதலில் கைவிடுவது பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். கடலூர் மாவட்டக் காற்றின் ஈரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? பழைய காரின் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள்: தேன் நிறம் சரி, கடுங்காப்பி நிறமென்றால் வருடக்கணக்கில் மாற்றவில்லை. பிறகு டிஸ்க்கின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள், கரை மாதிரி தட்டும். அது எவ்வளவு உயரமோ அவ்வளவு தேய்ந்திருக்கிறது. டிஸ்க்கின் முகத்தில் நீலத் திட்டும் மயிரிழை விரிசலும் இருந்தால் அது கடும் சூடு பார்த்துவிட்டது, விற்பவர் என்ன சொன்னாலும்.

பேடு, ஆயில், டயர் எல்லாம் தேய்ந்தால் மாற்றும் பொருள்கள். சைலன்சரும் உடலும் அப்படியல்ல. அவற்றை மாற்றி அமைத்த காரை வாங்குகிறவர், பதிவில் உள்ள அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்துச் சொன்னதை நினைவில் வைக்க வேண்டும். வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. இன்னொன்று. டிராக்குக்கான பேடு சூடேறிய பிறகுதான் பிடிக்கும், ஆறியிருந்தால் வழுக்கும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து விருத்தாசலம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். விக்கிரவாண்டி டோல்கேட்டை நெருங்கும்போது பேடு பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்திருக்கும். ஜாக்கியும் ரோடு பேடும் டிக்கியில் இருக்க வேண்டும். டிராக்கை விட்டுக் கிளம்புமுன் நான்கு சக்கரத்தையும் கழற்றி மாட்ட அரை நாள் வெளிச்சமும் மிச்சம் வைக்க வேண்டும்.