மக்குப் பட்டமும் தொண்டர் உபாத்தியாயர்களும்

நமது கிராமப் பள்ளிக்கூடம் ஏதேனும் ஒன்றில் நுழைந்து மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையைச் சற்றே பாருங்கள். அங்கே ஒரு பையன் இருப்பான். கதை சொன்னால் கண் கொட்டாமல் கேட்பான். கேட்ட கதையைப் பிசகின்றித் திருப்பிச் சொல்லுவான். சந்தையில் தகப்பனார் விற்ற காய்கறிக்கு மீதிச் சில்லறை எவ்வளவு என்று மனத்திலேயே கணக்கிட்டு விடுவான். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்து ஒரு வரி வாசிக்கச் சொன்னாலோ அவன் வாய் அடைத்துப் போகிறது, நெற்றி வியர்க்கிறது. இப்பொழுதுதான் எழுத்துக்கூட்டிப் படித்த சொல்லை அடுத்த வரியிலே முன்பின் கண்டறியாதவன் போல் விழித்துப் பார்க்கிறான். உபாத்தியாயர் ஒரு முறை சொல்லிக் கொடுக்கிறார். இரண்டு முறை சொல்லிக் கொடுக்கிறார். மூன்றாம் முறை “மக்கு” என்ற பட்டத்தைச் சூட்டி விடுகிறார். வீட்டிலே அதே பையனுக்குச் “சோம்பேறி” என்று பெயர். சில வருஷங்களுக்குள் அவன் பள்ளியை விட்டு ஏதாவதொரு பட்டறையில் போய்ச் சேருகிறான். தேசத்திற்கு ஏற்பட்ட இந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

அவன் மக்கு அல்லன் என்பது இன்று நேற்றுத் தெரிந்த சங்கதியா? 1896-ம் வருஷத்திலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில வைத்தியர் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றித் தம் நாட்டு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அந்தப் பையன் கணக்கில் கெட்டிக்காரன். எண்களைத் தடையின்றி வாசிப்பான். எழுத்துக்களாலான சொல்லை மாத்திரம் அவனால் வாசிக்க முடியவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாக இருப்பான் என்று அவனுடைய உபாத்தியாயரே சாட்சி சொல்லியிருக்கிறார். டிஸ்லெக்ஸியா என்று இப்பொழுது வழங்கும் இந்நிலைமை மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வகையில் உள்ள ஒரு வேற்றுமையேயன்றி, அறிவின் குறைவு அன்று. பல குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக வருகிறது. எழுதுவதில் மட்டும் தடுமாறுவோர் உண்டு. கணக்கில் மட்டும் தடுமாறுவோரும் உண்டு. இவை யாவற்றையும் சேர்த்தே கற்றல் குறைபாடு என்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இதற்கு உட்பட்டவர்கள் என்பது நிபுணர்கள் கொண்டுள்ள மதிப்பு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவராவது இருப்பார்கள் என்று இதற்குப் பொருள்.

இதற்கு மருந்து கிடையாது. மருந்து உண்டு என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களை நேயர்கள் நம்ப வேண்டாம். பயிற்சி பெற்ற ஓர் உபாத்தியாயர் பொறுமையோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒலி ஒலியாக, எழுத்து எழுத்தாக, ஒன்று மனத்தில் நிலைத்த பிறகே மற்றொன்றுக்குப் போவது என்ற ஒழுங்கில் கற்பிக்க வேண்டும். வேறு வழி இல்லை. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்டன் என்னும் நரம்பு வைத்தியரும் அன்னா கில்லிங்ஹம் என்னும் ஆசிரியையும் 1930-ஐ அடுத்த வருஷங்களில் இம்முறையை வகுத்தார்கள். கண் பார்க்க, காது கேட்க, வாய் சொல்ல, விரல் எழுத்தைத் தடவிச் செல்ல, நான்கும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும் என்பது இதன் சாரம். இம்முறையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்று தட்டிலே மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதச் சொல்கிறார்கள்.

மணல் என்றவுடன் நம்மவர்க்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் ஞாபகத்திற்கு வரும். உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதிப் படித்தவர்கள் நமது பாட்டனார்கள். எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இந்த மணலெழுத்தைக் கண்டு வியந்து, தம் பள்ளியில் கைக்கொண்டு, 1797-ல் அதைப் பற்றி லண்டனில் புத்தகமும் வெளியிட்டார். ஆனபடியால் எல்லாம் நம்மிடமே இருந்தது என்று மார்தட்டிக் கொள்ள அவசரப்பட வேண்டாம். அதே திண்ணையில்தான் பிரம்பும் இருந்தது. பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. காலப்போக்கில் மணலை விட்டுவிட்டோம். பிரம்பை வெகுகாலம் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தோம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பையும் விலக்கியது. நாவிலுள்ள பிரம்போ இன்னும் விலகியபாடில்லை.

இந்தக் குழந்தைகளுக்காக எழுந்து நின்றது சர்க்கார் மட்டும் அன்று. அமெரிக்காவில் 1963-ம் வருஷம் சிகாகோ நகரில் கூடிய பெற்றோர்களின் மகாநாட்டில்தான் சாமுவேல் கிர்க் என்னும் கல்விப் பேராசிரியர் கற்றல் குறைபாடு என்ற சொல்லை நிலைநாட்டினார். நமது சென்னையிலும் அப்படியே. 1990-ஐ அடுத்த வருஷங்களின் துவக்கத்தில், பிள்ளைகள் படும் பாட்டைக் கண்டு பொறுக்காத சிலர் கூடிச் சென்னை டிஸ்லெக்ஸியா சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அக்காலத்தில் சட்டப் புத்தகத்தில் இக்குழந்தைகளின் பெயரே இல்லை. 1995-ம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைக் கூறிற்று. அவ்வேழில் இது அடங்கவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத பையனைச் சேர்த்துக்கொள்ள மனமில்லாத பள்ளிகளின் வாயிலில் அலைந்த பெற்றோருக்கு அன்று ஆறுதல் கூறியவர்கள் இத்தகைய தொண்டர்களே. தாங்கள் முதலில் கற்று, பிறகு மற்ற உபாத்தியாயர்களுக்குக் கற்பித்து, பையனைச் சில காலம் தனியே பயிற்றி மறுபடியும் சாதாரணப் பள்ளிக்கே அனுப்பி வைக்கும் வழியைக் கையாண்டார்கள்.

மேடையும் மாலையும் இல்லாத தொண்டு இது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாரத்தில் மூன்று மாலைகளில் ஒரே பையனோடு உட்காருகிறார். ஒரு மாத முடிவில் அவன் “கு”வையும் “சு”வையும் “து”வையும் பிசகாமல் வாசித்தால் அதுவே வெற்றி. அடுத்த வாரம் அதை மறந்தும் போவான். மறுபடியும் துவக்கத்திலிருந்து, முகம் சுளிக்காமல். இந்தப் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இப்பொழுது சட்டம் இருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறுகிறது. கற்றல் குறைபாடும் அதில் அடங்கும். குறைபாட்டைக் கூடியவரையில் இளமையிலேயே கண்டுபிடித்து, அதற்கேற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்று பள்ளிகளுக்கு அது விதிக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பரீட்சையில் மணிக்கு இருபது நிமிஷம் அதிக அவகாசமும், எழுதுவதற்கு ஒரு துணையும் 2018-ம் வருஷத்து விதிகளில் உண்டு. இவ்வளவும் நல்லதே. ஆனால் அச்சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஒரு விபரீதத்தைக் காணலாம். அறிவு வளர்ச்சிக் குறைவு என்ற தலைப்பின் கீழேயே கற்றல் குறைபாட்டையும் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மக்கு அல்லன் என்று நிரூபிக்கவே நூற்றிருபது வருஷம் ஆகியிருக்க, சட்டமே அந்தப் பட்டத்தை வேறு பாஷையில் எழுதி வைப்பது நியாயமா? சட்டசபைகளில் பேசும் கனவான்களில் ஒருவராவது இதைக் கவனிக்கலாகாதா?

மற்றொரு குறை இதனினும் பெரிது. 2018-ம் வருஷத்து விதிகளின்படி எட்டு வயது நிரம்பிய பிறகே அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கும். அதற்குள் பையன் மூன்றாம் வகுப்புக்கு வந்து, வெட்கத்தையும் வெறுப்பையும் நன்றாகக் கற்றிருப்பான். பத்திரம் பரீட்சைச் சலுகைக்குத்தான் வேண்டுமேயொழிய, பக்கத்தில் உட்கார்ந்து கற்பிப்பதற்கு வேண்டியதில்லை. ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடைப்பட்ட அந்த மூன்று வருஷங்களில்தான் தொண்டர் உபாத்தியாயருடைய உதவிக்கு அதிகப் பலன் உண்டு. சலுகை வேறு, கல்வி வேறு என்பதையும் பெற்றோர் மறக்கலாகாது. மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெற்றுத் தேறிய பையன் சந்தோஷப்படலாம். பஸ்ஸின் பலகையை வாசிக்க அவனுக்கு யார் விலக்குக் கொடுப்பார்கள்? மனுவை நீட்டினால் “கண்ணாடி கொண்டு வரவில்லை, நீங்களே வாசியுங்கள்” என்று சாமர்த்தியமாகச் சொல்லிக் காலம் தள்ளும் பெரியவர்களை நாம் அறிவோம். அவர்களில் சிலர் இந்தக் கடைசி வரிசைப் பையன்களே என்பதில் ஐயமில்லை. அவர்களுக்கும் கற்பிக்கலாம், வயது தடை அன்று.

தமிழ்ப் பாஷையில் கற்பிக்கும் சாதனங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி நிலையம் 2015-ல் இக்குறைபாட்டைக் கண்டறியும் சோதனைகளை ஹிந்தி, மராத்தி, கன்னடம், இங்கிலீஷ் என்னும் நான்கு பாஷைகளில் வெளியிட்டது. அந்த முதல் நான்கில் தமிழ் இல்லை. இங்கிலீஷில் தடுமாறும் பையனுக்குள்ள தொல்லை வேறு, தமிழில் தடுமாறுபவனுக்குள்ள தொல்லை வேறு. “கெ” என்னும்போது கொம்பை முதலில் எழுதுகிறோம்; ஆனால் அதன் ஒலி “க்” என்பதற்குப் பின்னால் வருகிறது. “கொ” என்பதிலோ குறிகள் மெய்யை இருபுறமும் சூழ்ந்து நிற்கின்றன. “கு, சு, டு, து, பு” இவற்றில் ஒரே உகரம் எத்தனை வேஷம் போடுகிறது! “கல்” என்பதிலும் “தங்கம்” என்பதிலும் ககரம் ஒன்றே, ஒலி இரண்டு. ல, ள, ழ மூன்றையும் நாவு ஒன்றாக்கி விடுகிறது. காது பிரித்தறியாததைக் கை எப்படிப் பிரித்து எழுதும்? வீட்டில் “வந்தாங்க” என்று பேசும் குழந்தை புத்தகத்தில் “வந்தார்கள்” என்பதைக் காண்கிறது. 247 எழுத்துக்களையும் ஒரே வேகத்தில் ஓட்டிச் செல்லும் வகுப்பில் கூர்மையான பிள்ளைகள் இவற்றைத் தாமே கண்டுகொள்கிறார்கள். நமது பையனுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். எதை முதலில், எதைப் பிறகு என்று தமிழுக்கே உரிய வரிசை ஒன்று வகுத்துக் கொள்ள வேண்டும். தமிழ் வளர்ச்சிக்காகச் சொற்பொழிவாற்றும் அன்பர்கள் இவ்வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால் பாஷைக்குச் செய்த பெரிய உபகாரமாகும்.

தொண்டர்களை நாம் இவ்வளவு புகழ்வதைக் கண்டு சர்க்கார் தன் பொறுப்பு நீங்கியதென்று நினைத்து விடக்கூடாது. கணக்கெடுப்பதும், ஒவ்வொரு வட்டாரத்திலும் பயிற்சி பெற்ற உபாத்தியாயரைப் போதிய சம்பளத்தோடு நியமிப்பதும், ஆசிரியர் பயிற்சியிலேயே இதை ஒரு பாடமாக ஊன்றிக் கற்பிப்பதும் சர்க்காரின் கடமை. தொண்டு அதற்கு ஈடாகாது. நகரத்தில் சங்கங்கள் உண்டு. பணமுள்ள பெற்றோருக்குத் தனி ஆசிரியர் உண்டு. கூலிக்காரன் மகனுக்கு அவ்வூர்ப் பள்ளி ஒன்றைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

தொண்டு செய்ய முன்வருவோருக்கும் ஒரு வார்த்தை. நல்ல மனம் மட்டும் போதாது. சில வாரப் பயிற்சியாவது பெறாமல் பையனிடம் போனால், உபாத்தியாயர் செய்த பிசகையே அன்போடு செய்வீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வர முடியுமானால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பாதியில் நின்றுவிட்டால், தன்னைக் கைவிட்டவர் வரிசையில் பையன் உங்களையும் சேர்த்துக்கொள்வான். முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். அவனுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்; மீன் பிடிப்பதோ, சைக்கிள் பழுது பார்ப்பதோ, எதுவானாலும் அவன் சொல்லச் சொல்லக் கேளுங்கள். அவன் சொன்ன சொற்களிலேயே ஒன்றை எடுத்து மணலில் எழுதிக் காட்டுங்கள்.

பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறக்கின்றன. பயிற்சிக்கு வேண்டிய வாரங்களை அதற்கு முன்பே ஒதுக்கிக்கொண்டு, உள்ளூர்த் தலைமை ஆசிரியரிடம் சென்று, கடைசி வரிசையில் யார் யார் உட்காருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது நலம்.