தோலாக வந்த பூனை

போர்னியோ தீவின் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பூனை அது. செம்பூனை என்று சொல்லலாம். வீட்டுப் பூனை அளவுதான். ஆனால் வால் நல்ல நீளம், அதன் அடியில் வெள்ளைக் கோடு. பெரும்பாலும் செம்பழுப்பு நிறம், சாம்பல் நிறத்திலும் உண்டு.

முதலில் அதை வெறும் தோலாகத்தான் உலகம் பார்த்தது. 1850களின் நடுவில், போர்னியோவின் சரவாக்கில் பூச்சிகளும் பறவைகளும் சேகரித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் ஒரு தோலையும் மண்டையோட்டையும் லண்டனுக்கு அனுப்பினார். அங்கே விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே, இது ஆசியப் பொன்பூனையின் குட்டியாக இருக்கும் என்று எண்ணிவிட்டார். தனி இனம் என்று அவரே பெயர் சூட்டியது 1874இல்! அதன்பின் அரை நூற்றாண்டில் கிடைத்தவை ஒரு சில தோல்கள்தாம். 1992இல் பிடிபட்ட ஒரு பெண்பூனை, சாகும் தறுவாயில் சரவாக் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் ரத்தமும் திசுவும் மரபணு ஆய்வுக்குப் போயின. போர்னியோ தனித்தீவு ஆவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் முன்பே இது பொன்பூனையிடமிருந்து பிரிந்துவிட்டது என்று தெரிந்தது. இதுவும் பொன்பூனைதானோ என்ற சந்தேகம் அதோடு முடிந்தது.

இன்று சுட்டுத் தோலுரிக்க வேண்டியதில்லை. விலங்கு கடந்தால் தானே படம்பிடிக்கும் கேமராக்களை மரத்தில் கட்டிவிட்டு வருகிறார்கள். அதிலும் எளிதில் சிக்குவதில்லை. 2003 முதல் 2006 வரை நடந்த ஓர் ஆய்வில், எல்லாக் கேமராக்களும் விழித்திருந்த இரவுகளைக் கூட்டினால் ஐந்தாயிரத்துக்கு மேல். கிடைத்தது ஒரே ஒரு படம். பிறகு தீவின் சபா, சரவாக், கலிமந்தான் காடுகளில் இன்னும் சில. மரம் வெட்டிய காடுகளிலும் அது நடமாடுவது இந்தப் படங்களால்தான் தெரிந்தது. எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் வாலஸ் நடந்த காடு இன்று இல்லை. 1973இல் தீவின் முக்கால் பங்கு காடாக இருந்தது; 2010க்குள் அதில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விட்டது. மரவியாபாரமும் தீயும் ஒருபக்கம், வரிசை வரிசையாய் எண்ணெய்ப்பனை மறுபக்கம். 2002 முதல் செம்பூனை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

அந்தப் பனையிலிருந்து வரும் பாமாயிலை உலகில் அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. வருவதில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. ரேஷன் கடையில் பாக்கெட் வாங்கும் குடும்பத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. காட்டை அழித்து வளர்த்த எண்ணெய் வேண்டாம் என்று மொத்தமாக வாங்குகிற அரசும் கம்பெனிகளும் சொல்லட்டும். சொல்லும்வரை நாம் கேட்போம்.