இரண்டு இணையக் கடைகளுக்கு ஒரே கணக்குப் புத்தகம்

எம்மவர்களில் பலர் இன்று ஒரு டொமைனோடு நிற்பதில்லை. சில்லறைக்கு ஒன்று, மொத்த வியாபாரத்துக்கு ஒன்று என்று இரண்டு மூன்று பெயர்களைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். சாமான் இருப்பதோ ஒரே ஸ்டோரில். இவை எல்லாவற்றுக்கும் ஒரே தரவுத்தளத்தை வைத்துக்கொள்ள முடியாதா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். முடியும். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி இறங்கி நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எமது குடும்பக் கடையில் தண்ணீர்ப் பம்பிகளும் அவற்றின் உதிரிப்பாகங்களும் விற்கிறோம். சில்லறை விற்பனை நானாவின் பொறுப்பு. வெளியூர்க் கடைக்காரர்களுக்கு அனுப்புவது என்னுடையது. ஆளுக்கொரு இணையத்தளம், ஆளுக்கொரு தரவுத்தளம். மாலையில் கடைப் பொடியன் ஒருவன் இரண்டிலும் ஸ்டொக்கைத் திருத்தி விடுவான். ஒரு சிறுபோகத்தில் இரண்டு அங்குலப் பம்பி ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. காலையில் பொலன்னறுவை விவசாயி ஒருவர் நானாவின் தளத்தில் அதற்குப் பணம் கட்டினார். பகல் பன்னிரண்டு மணிக்கு என் தளத்தில் ஒரு கடைக்காரர் அதே பம்பிக்குப் பணம் கட்டினார். இருவருக்கும் 'உங்கள் கட்டளை உறுதி' என்று செய்தி போய்விட்டது.

வயலுக்குத் தண்ணீர் தேவைப்பட்டவருக்குப் பம்பியை அனுப்பினோம். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். அதன் பின்னர் எம்மிடம் வரவேயில்லை. "கையில இல்லாத சாமானுக்குச் சல்லி எடுக்கிறது என்ன வியாபாரம்?" என்று நானா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. தன்னிடம் இல்லாததை விற்பதை மார்க்கம் தடுத்திருப்பது எங்கள் இருவருக்கும் தெரியாததல்ல. கொம்பியூட்டர் விற்றது, நான் விற்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியுமா?

உடனே இரண்டு தளங்களையும் ஒரே தரவுத்தளத்தில் போடச் சொன்னேன். இரண்டும் வேர்ட்பிரஸ்ஸில் செய்யப்பட்டவை. தளம் செய்து தந்தவர் ஒரு நாளில் வேலையை முடித்தார். மறுநாள் பார்த்தால் ஸ்டொக் பழையபடி தனித்தனியாகவே ஓடுகிறது! காரணம் பின்னர்தான் விளங்கியது. வேர்ட்பிரஸ் தன் அட்டவணைகள் ஒவ்வொன்றின் பெயருக்கும் முன்னால் ஓர் அடையாளத்தைச் சேர்க்கும். அந்த முன்னொட்டை மாற்றிக் கொடுத்தால் ஒரே தரவுத்தளத்துக்குள் இரண்டு தளங்களை மோதாமல் வைக்கலாம். ஆனால் அது ஒரே அறைக்குள் இரண்டு அலுமாரியை வைத்து, தனித்தனிச் சாவி போட்டது போன்றதுதான். ஹோஸ்டிங் பக்கேஜில் தரவுத்தளங்களின் எண்ணிக்கைக்கு வரம்பிருந்தால் அதற்கு உதவும். ஸ்டொக்கை ஒன்றாக்காது.

அப்படியானால் இரண்டு டொமைனையும் அதே அட்டவணைகளுக்கே திருப்பிவிடுவோம் என்றேன். அதன் பின்னர் நானாவின் தளத்தைத் திறந்தவர்கள் எல்லோரும் என் தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வேர்ட்பிரஸ் தன் சொந்த முகவரியையும் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு முகவரிதான் இருக்க முடியும். சில்லறைக்கு வந்தவர்கள் அரை நாளாக மொத்த விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானாவிடம் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ்ஸில் மல்டிசைட் என்ற வசதி உண்டு. ஒரே நிறுவலில் பல டொமைன்களை நடத்தலாம். ஆனால் அதிலும் பயனாளர் பட்டியல்தான் பொதுவானது. பொருட்களின் அட்டவணை தளத்துக்குத் தளம் வேறு. இருப்பை ஒன்றாக்க வேறொரு மென்பொருளை அதன்மேல் பொருத்த வேண்டும்.

இறுதியில் நாங்கள் ஓப்பன்கார்ட்டுக்கு மாறினோம். ஒரே நிர்வாகப் பக்கத்தின் கீழ் பல கடைகளை நடத்துவதற்கு அதில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு கடைக்கும் சொந்த டொமைன், சொந்தத் தோற்றம். பொருள் ஒரு முறைதான் பதியப்படும். அதை எந்தக் கடையில் காட்டுவது என்று அடையாளமிட்டால் போதும். எண்ணிக்கை ஒன்றே. நானாவின் தளத்தில் ஒன்று விற்றால் என் தளத்திலும் ஒன்று குறையும். மொத்த விலையை வாடிக்கையாளர் பிரிவின்படி கொடுக்கலாம். சொந்தமாக மென்பொருள் எழுதுவிப்பவர்களும் இதே அமைப்பைத்தான் கேட்க வேண்டும்: பொருளுக்கு ஓர் அட்டவணை, கடைக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைக்க ஒன்று.

எழுதுவிப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். தரவுத்தளம் ஒன்றானாலும் கடைசிப் பம்பி இருவருக்கு விற்கப்படலாம். இரண்டு விற்பனையாளர்கள் ஒரே நேரத்தில் ராக்கையைப் பார்த்து 'ஒன்று இருக்கிறது' என்று தத்தமது வாடிக்கையாளரிடம் சொன்னால் என்ன நடக்கும்? அதுதான் இங்கேயும். முதலில் எண்ணிப் பார்ப்பது, பிறகு குறைப்பது என்று இரண்டு படியாக எழுதினால் இடையில் மற்றவர் புகுந்து விடுவார். 'பூச்சியத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை' என்று ஒரே கட்டளையாக எழுத வேண்டும். விற்பனைப் பதிவும் ஸ்டொக் குறைப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. மை எஸ்.கியூ.எல்லில் இன்னோடிபி வகை அட்டவணைகள் இதைச் செய்யும். 2010இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு வகை. அதற்கு முந்திய மைஐசாம் வகையில் இந்த வசதி இல்லை. பழைய தளம் வைத்திருப்பவர்கள் தமது அட்டவணைகள் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் தளங்கள் இரண்டும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் இருந்ததால் வேலை இலகுவானது. சிக்கல் மச்சானால் வந்தது. வேறு ஊரில் கடை வைத்திருக்கும் அவர், தன் தளத்தையும் எங்கள் தரவுத்தளத்தோடு தொடுத்துவிடச் சொன்னார். அவருடைய தளம் இருப்பது அமெரிக்காவிலுள்ள ஒரு சேர்வரில், எங்களுடையது சிங்கப்பூரில். ஒரு கேள்வி போய் வர 0.2 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திறக்க 30 கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் 6 வினாடி. அதுவரை எந்த வாடிக்கையாளர் பொறுத்திருப்பார்? மேலும், வெளியிலிருந்து வருவதற்காக 3306 என்ற வாசலைத் திறந்து விட்டால் அவர் மட்டும்தான் தட்டுவார் என்றில்லை.

நானாவுக்கு யோசனை வேறு. "மச்சானுக்கு ஸ்டொக்கைக் காட்டலாம், எங்கட ஆட்கள்ட நம்பரையெல்லாம் காட்ட ஏலாது" என்றார். நியாயம்தான். வாடிக்கையாளர் எமக்குத் தந்த தொலைபேசி இலக்கமும் முகவரியும் அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்காகத் தகவல் பெறப்பட்டதோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. ஆகவே பொருளின் இலக்கம், எண்ணிக்கை, விலை ஆகிய மூன்று மட்டும் தெரியும் ஒரு பக்கத்தை எங்கள் தளத்தில் அவருக்காகச் செய்து கொடுத்தோம். தரவுத்தளத்தில் அந்தப் பக்கத்துக்குத் தனிப் பயனாளர் பெயர், வாசிக்கும் உரிமை மட்டும். மச்சானின் தளம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை அதைப் பார்த்துப் பிரதி எடுக்கும். விற்பனையை உறுதி செய்யும் நேரத்தில் இன்னொரு தடவை கேட்கும். மச்சானுக்கு ஒரு கிழமை முகம் கறுத்திருந்தது. இப்போது அவரே சரி என்கிறார்.

ஒன்றாக்கியதால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு தளத்தில் உள்நுழைந்தவர் மற்றத் தளத்துக்குப் போனால் மீண்டும் உள்நுழையத்தான் வேண்டும். உலாவி வைத்திருக்கும் குக்கி அந்தந்த டொமைனுக்கே உரியது.

தரவுத்தளம் படுத்தால் இரண்டு கடைகளும் ஒரே நேரத்தில் பூட்டப்படும். இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. ஒரு தளத்துக்குள் திருடன் புகுந்தாலும் மற்றதன் விபரங்களும் அவன் கையில்தான். இப்போது ஒவ்வொரு இரவும் முழுப் பிரதி ஒன்று தானாக எடுக்கப்பட்டு வேறொரு நிறுவனத்தின் சேர்வரில் சேர்கிறது. மாதத்தில் ஒரு நாள் அதைக் கடையிலுள்ள கணினியில் திறந்து பார்க்கிறோம். முதல் தடவை திறந்தபோது பிரதி பாதியில் அறுந்திருந்தது.

அந்த அலசலில்தான் எங்கள் ஹோஸ்டிங் கணக்கு தளம் செய்தவரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் இருந்தது தெரிய வந்தது. எங்கள் இருவரின் ஒன்பது வருடக் கணக்கும் அதற்குள் கிடந்தது. அவர் நல்ல மனிதர், கேட்டவுடன் மாற்றித் தந்தார். மாற்றி முடிக்க நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாளும் நானா பழைய சீ.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் வைத்து, விற்ற ஒவ்வொரு சாமானையும் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.