கேபின் காற்று வடிகட்டியை நாமே மாற்றலாம்

காவிரிப் பாசனப் பகுதியில் நெல் அறுவடைக்கு இப்போது பெரும்பாலும் இயந்திரங்களே வருகின்றன. ஏசி கேபின் பொருத்திய அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் வயல்களில் காணப்படுகின்றன. சுணைக்கும் வைக்கோல் தூசிக்கும் நடுவே நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் டிரைவருக்குக் கேபின் நல்ல பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பைத் தருவது கண்ணாடி மட்டுமன்று. உள்ளே வரும் காற்றைச் சலித்துத் தரும் வடிகட்டியும்தான். என்ஜின் வடிகட்டியைத் தவறாமல் கவனிக்கும் உரிமையாளர்கள்கூட இதை மறந்துவிடுவதுண்டு. அது அடைத்துக்கொண்டால் வண்டி கரும்புகை கக்கி, இழுவை குறைந்து தானே தெரிவித்துவிடும். இது அடைத்தால் டிரைவர் இருமுவார், அவ்வளவுதான்.

பூசணம் பிடித்த வைக்கோல், தானியம் இவற்றின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு 'விவசாயி நுரையீரல்' என்று மருத்துவர்கள் கூறும் நோய் வரக்கூடும். வேலை முடிந்து சில மணி நேரம் கழித்தே காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் தோன்றுவதால், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். நாளடைவில் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

விசிறியை முழு வேகத்தில் வைத்தும் காற்று குறைவாக வருவது, ஏசி குளிராதது, கதவு மூடியிருந்தும் உள்ளே தூசி படிவது ஆகியவை வடிகட்டியைப் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறிகள்.

வடிகட்டி பல டிராக்டர்களில் கூரையின் ஓரத்திலோ பக்கவாட்டிலோ இருக்கும்; கார்களில் பெரும்பாலும் முன்சீட்டு எதிரேயுள்ள பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கையேட்டில் இடம் குறித்திருக்கும். என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். முகமூடியும் கையுறையும் அணிந்து, மூடியைச் சுற்றியுள்ள தூசியை ஈரத்துணியால் துடைத்த பிறகே திறக்க வேண்டும். பழைய வடிகட்டியைத் தட்டாமல், உதறாமல் மெதுவாக எடுத்து நேராகப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடலாம். அது அமரும் இடத்தையும் துடைக்க வேண்டும். புதியதில் காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். திருப்பிப் பொருத்தக் கூடாது. ரப்பர் விளிம்பு நான்கு பக்கமும் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். விளிம்பில் சிறு இடைவெளி இருந்தாலும் தூசிக் காற்று அந்த வழியே புகுந்துவிடும். கேபினுக்குள் சுழலும் காற்றுக்குத் தனி வடிகட்டி இருந்தால் அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பஞ்சர் கடைக் கம்ப்ரெசரில் ஊதிப் பழையதையே மீண்டும் போடுவது பலரிடமும் உள்ள பழக்கம். வேகமான காற்று காகிதத்தைக் கிழித்துவிடும். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. ஊதலாம் என்று கையேடு சொன்னால் மட்டும், அது குறிப்பிடும் அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். பின்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க, ஓட்டை புலப்படும். காகித வடிகட்டியைத் தண்ணீரில் கழுவுவது வேண்டாம்.

தோப்புகளில் டிராக்டர் கொண்டு மருந்து தெளிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூசிக்கான காகித வடிகட்டி பூச்சிமருந்தின் ஆவியைத் தடுக்காது. ஐரோப்பியத் தரமான இ.என். 15695 கேபின்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகை தூசியை மட்டும் தடுக்கும். மூன்றாம் வகை தூசியோடு மருந்துத் துளிகளையும் தடுக்கும். ஆவியையும் சேர்த்துத் தடுப்பது நான்காம் வகை மட்டுமே. இதற்குக் கரி அடங்கிய வடிகட்டி தேவை. எந்தக் கேபினிலும் கரி வடிகட்டியைச் செருகினால் அது நான்காம் வகையாகிவிடாது. காற்றுக் கசிவில்லாதபடி கேபினே அதற்கென அமைந்திருக்க வேண்டும். மற்ற கேபின்களில் அமர்ந்து தெளிப்பவர், மருந்து டப்பாவில் குறிப்பிட்ட முகமூடியையும் உடையையும் விடக் கூடாது.

கரி வடிகட்டியை ஊதிச் சுத்தம் செய்ய முடியாது. பிரித்துவிட்டால் காற்றிலுள்ளவற்றை ஈர்க்கத் தொடங்கிவிடும் என்பதால், பொருத்தும் நாள்வரை உறையோடு வைத்திருப்பது நலம். உள்ளே மருந்து வாடை வந்தால் வேலையை நிறுத்தி மாற்ற வேண்டும். வாடை இல்லாத மருந்துகளும் உண்டு என்பதால், கையேடு கூறும் கெடுவைத் தாண்டக் கூடாது. மருந்து படிந்த பழைய வடிகட்டியை எரிக்கவோ, கிணற்றடியிலும் மாட்டுத் தொழுவத்திலும் போடவோ வேண்டாம்.