மீளக் கட்டுவதா, அப்படியே விடுவதா? ஹைடெல்பேர்க் கோட்டை எழுப்பிய கேள்வி

போரில் அழிந்த ஒரு கட்டடத்தை மீளக் கட்டுவதா, அழிந்த நிலையிலேயே காப்பதா? இந்தக் கேள்வி 120 ஆண்டுகளுக்கு முன்னரே ஜேர்மனியில் பெரும் சர்ச்சையாக வெடித்தது. அதற்குக் காரணமானது, நாட்டின் தென்மேற்கே நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஹைடெல்பேர்க் நகரின் கோட்டை. ஆற்றிலிருந்து ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்தில், மலைச்சரிவில் நிற்கும் அந்தச் செந்நிறக் கற்கோட்டையை, ஜேர்மனியில் வாழும் உறவினர்கள் அனுப்பும் படங்களில் பலர் பார்த்திருக்கக்கூடும்.

ஹைடெல்பேர்க்கில் கோட்டை இருந்ததற்கான முதல் எழுத்துச் சான்று 1225ஆம் ஆண்டுக்குரியது. பேரரசரைத் தெரிவுசெய்யும் உரிமை பெற்ற ஏழு பேரில் ஒருவரான பலட்டினேற் பிரதேச ஆட்சியாளரின் இருப்பிடம் அது. மத்தியகாலத்தில் அரணாகத் தொடங்கி, 16ஆம் நூற்றாண்டில் சிற்பங்கள் நிறைந்த மாளிகைகளாக வளர்ந்தது.

அழிவு வந்தது ஒரு வாரிசுரிமைச் சண்டையால். 1685இல் ஆட்சியாளர் பிள்ளைகளின்றி இறந்தார். அவரது சகோதரி எலிசபெத் சார்லொட், பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் தம்பிக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டிருந்தவர். அவரது பெயரைச் சொல்லியே லூயி அந்தப் பிரதேசத்துக்கு உரிமை கோரிப் படையனுப்பினார். அவளுக்காக என்று தொடங்கிய போரை அவள் விரும்பவேயில்லை. தன் பெயரால் பிறந்த ஊர் எரிவதை வெர்சாய் அரண்மனையில் இருந்தபடி கேட்டு அழுததை அவரது கடிதங்கள் பதிவு செய்திருக்கின்றன.

1689 மார்ச்சில் பிரெஞ்சுப் படை பின்வாங்கும்போது கோட்டைக்கும் நகருக்கும் தீ வைத்தது. மக்கள் பல இடங்களில் தீயை அணைத்து நகரின் பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள். 1693இல் அதே படை மீண்டும் வந்தது. இம்முறை நகரம் முற்றாக எரிந்தது. தேவாலயத்தில் இருந்த ஆட்சியாளர்களின் கல்லறைகள் உடைக்கப்பட்டன; ஒன்று மட்டுமே எஞ்சியது. கோட்டைச் சுவர்களுக்கடியில் வெடிமருந்து நிரப்பித் தகர்த்தார்கள். ஒரு கோபுரத்தின் சுவர் ஆறு மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்பானது. அது நொறுங்காமல், பாதியாகப் பிளந்து ஒரே துண்டாக அகழிக்குள் சரிந்தது. இன்றும் அது அங்கேயே கிடக்கிறது. ஹைடெல்பேர்க் அழிக்கப்பட்டதைக் கொண்டாட பாரிஸில் பதக்கம் ஒன்றும் வார்க்கப்பட்டது.

மக்கள் காத்திருக்கவில்லை. எரிந்த வீடுகள் இருந்த பழைய தெருக்களிலேயே புதிய வீடுகளைக் கட்டினார்கள். ஆட்சியாளரோ 1720இல் தலைநகரை மன்ஹைமுக்கு மாற்றிக்கொண்டார். அரைகுறையாகத் திருத்தப்பட்டிருந்த கோட்டையை 1764 ஜூன் 24ஆம் திகதி மின்னல் தாக்கி மீண்டும் எரித்தது. அதன்பின் நகரவாசிகள் அங்கிருந்து கல்லும் மரமும் இரும்பும் எடுத்துச் சென்று வீடு கட்டினார்கள். அதைக் களவு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அந்தக் கல்லெடுப்பை நிறுத்தியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதுதான் விசித்திரம். பிரெஞ்சுப் புரட்சியின்போது குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறிய சார்ள்ஸ் த கிரெம்பேர், 1810இல் கோட்டையை வரைவதற்காக வந்தார். வந்தவர் 1864இல் இறக்கும்வரை திரும்பிப் போகவேயில்லை. சில ஆண்டுகள் சம்பளமின்றித் தானே காவல் காத்தார். அவர் வரைந்த படங்கள் அச்சாகி ஐரோப்பாவெங்கும் பரவ, இடிபாட்டைப் பார்க்கவே ஆட்கள் வரத் தொடங்கினர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறு வகை ஆபத்து வந்தது. 1871இல் ஒன்றிணைந்திருந்த ஜேர்மனியில், பிரான்ஸ் அழித்ததை மீண்டும் எழுப்பிக் காட்டவேண்டும் என்ற குரல் வலுத்தது. மாளிகைகளில் ஒன்றான பிரீட்ரிக் மாளிகை 1900ஆம் ஆண்டளவில் திருத்தப்பட்டது. அடுத்ததாக, முகப்புச் சுவர் மட்டுமே எஞ்சியிருந்த ஒட்ஹைன்ரிக் மாளிகைக்கும் கூரை போடத் திட்டமிட்டார்கள். 1901இல் கலை வரலாற்றாசிரியர் கேயோர்க் டேஹியோ அதற்கு எதிராகச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அங்கே கட்டப்படப்போவது பழைய மாளிகை அல்ல, அது எப்படி இருந்திருக்கும் என்ற ஊகம் மட்டுமே என்பது அவரது வாதம். இருப்பதைக் காப்போம், இல்லாததைப் புனையவேண்டாம் என்றார். ஜேர்மனியின் மரபுரிமைப் பாதுகாப்புச் சிந்தனையே அந்த விவாதத்தால் மாறியது.

டேஹியோ சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அரண்மனையைப் பற்றித்தான் அப்படிப் பேச முடிந்தது. அங்கே போய்க் குடியிருக்கவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. கீழே நகரத்தில் வீடிழந்தவர்களிடம் சாம்பலைக் காத்து வையுங்கள் என்று யாரும் கேட்டிருக்க முடியாது.

இறுதியில் டேஹியோவின் தரப்பே வென்றது. இன்று கோட்டை முற்றத்தில் நிற்பவர் இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். ஒரு பக்கம் கூரையும் கண்ணாடியுமாகத் திருத்தப்பட்ட பிரீட்ரிக் மாளிகை. அதன் அருகே ஒட்ஹைன்ரிக் மாளிகையின் சுவர். மேல்மாடிச் சாளரங்களில் கண்ணாடி இல்லை, வானம் தெரிகிறது.