ஓப்பன் வேர்ல்ட் கேம்ஸ்: ரசிகர்கள் ஏன் இரண்டு பட்டனர்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில், முதல் வாரத்திலேயே கேம்ஸ் பற்றிய பேச்சு வந்துவிடும். கேம்ஸ் விற்பனை செய்யும் தளங்களில் பட்டியலைப் பார்த்தால், பல கேம்களின் கீழே "ஓப்பன் வேர்ல்ட்" என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஏற்கனவே பெயர் பெற்ற ஒரு கேமின் அடுத்த பாகம் வரும்போது, இதுவே அதன் முக்கிய விளம்பரமாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால், அந்த கேமை ஆண்டுக்கணக்கில் விளையாடி வந்த ரசிகர்கள் அனைவரும் இந்த மாற்றத்தை வரவேற்பதில்லை. ஒரு சாரார் கொண்டாடுகின்றனர். இன்னொரு சாரார் தங்களுக்குப் பிடித்த கேமே போய்விட்டது என்கின்றனர். இரண்டு தரப்புமே விவரம் தெரிந்தவர்கள்தான். பின் ஏன் இந்த வேறுபாடு? பர்ன் அவுட் என்ற கார் ரேஸ் கேமை எடுத்துக்கொண்டு இதனைப் பார்க்கலாம்.

ஓப்பன் வேர்ல்ட் என்றால் என்ன?

வழக்கமான கேம்கள் லெவல் லெவலாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு லெவலை முடித்தால் அடுத்தது திறக்கும். எங்கே தொடங்க வேண்டும், எந்த வழியில் செல்ல வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்பதனை கேமை வடிவமைத்தவர் முடிவு செய்திருப்பார். ஓப்பன் வேர்ல்ட் கேமில் ஒரு முழு நகரமோ, ஒரு தீவோ, ஒரு நாடோ உங்கள் முன் விரிந்து கிடக்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். எந்த வேலையை முதலில் செய்வது என்பதும் உங்கள் விருப்பம். 2001ல் வெளியான கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3, முப்பரிமாண நகரம் ஒன்றில் இப்படிச் சுற்றும் அனுபவத்தைப் பெரிய அளவில் மக்களிடம் கொண்டு சென்றது.

மூடிய சாலைகளில் பர்ன் அவுட்

இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரில் இயங்கும் கிரைடீரியன் நிறுவனம் உருவாக்கிய முதல் பர்ன் அவுட் கேம் 2001ல் வெளியானது. எதிரே வாகனங்கள் வரும் சாலையில், விதிகளை எல்லாம் மீறி, மயிரிழையில் தப்பித்து வேகம் கூட்டுவதுதான் இதன் அடிப்படை. 2002ல் வந்த இரண்டாம் பாகத்தில் கிராஷ் மோட் என்ற பகுதி சேர்ந்தது. 2004ல் வந்த மூன்றாம் பாகத்தில், போட்டியாளரின் காரை இடித்துச் சுவரில் மோத வைக்கும் டேக் டவுன் சேர்ந்தது. 2005ல் வெளியான பர்ன் அவுட் ரிவெஞ்ச் இவற்றை மேலும் வளர்த்தது.

இவற்றில் கிராஷ் மோட் தனிச் சுவை கொண்டது. ஒரு சாலைச் சந்திப்பு தரப்படும். உங்கள் காரை அதில் செலுத்தி, எவ்வளவு பெரிய விபத்தை உண்டாக்க முடியுமோ உண்டாக்க வேண்டும். சேத மதிப்பு கூடக் கூட பரிசு கூடும். பார்ப்பதற்கு வெறும் இடிபாடு போலத் தெரிந்தாலும், உண்மையில் இது ஒரு புதிர். பஸ் எந்த விநாடியில் சந்திப்பைக் கடக்கும், லாரி எங்கே வரும், சரிவுப் பலகை எந்தக் கோணத்தில் இருக்கும் என்பவை எல்லாம் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் கார் புறப்படும். எனவே ஒரு முறை தோற்றாலும், என்ன தவறு என்று பார்த்து, அடுத்த முறை அரை விநாடி முன்னதாகத் திருப்பலாம்.

2008ல் திறந்த நகரம்

இதே கிரைடீரியன் குழுமத்தின் ரெண்டர்வேர் என்ற சாப்ட்வேரைக் கொண்டுதான் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 உருவாக்கப்பட்டது. அடுத்தவர் நகரம் கட்டக் கருவி கொடுத்தவர்கள், 2008 ஜனவரியில் தங்கள் கேமையே நகரமாகக் கட்டிக் கொடுத்தனர். அதுதான் பர்ன் அவுட் பாரடைஸ். முதலில் எக்ஸ்பாக்ஸ் 360, பிளே ஸ்டேஷன் 3 ஆகியவற்றுக்கும், 2009ல் கம்ப்யூட்டருக்கும் இது வந்தது. இந்த வரிசையில் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் கேம் இதுவே.

பாரடைஸ் சிட்டி என்ற நகரம் முழுவதும் தொடக்கத்திலிருந்தே திறந்திருக்கும். போட்டியைத் தேர்ந்தெடுக்க மெனு கிடையாது. சாலைச் சந்திப்பில் உள்ள சிக்னல் விளக்கின் கீழ் காரை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினால் போட்டி தொடங்கும். முடியும் இடங்கள் நகரின் எட்டு திசைகளில் உள்ளன. இடையில் எந்தத் தெரு வழியாகப் போவது என்பது உங்கள் பாடு.

ரசிகர்களுக்குக் கோபம் ஏன்?

முதல் குறை, மீண்டும் தொடங்கும் வசதி இல்லாதது. போட்டியில் தோற்றால், உடனே அதே போட்டியை மறுபடி ஆட முடியாது. கார் நகரின் இன்னொரு மூலையில் நிற்கும். தொடங்கிய சிக்னலுக்கே திரும்ப ஓட்டி வர வேண்டும். அல்லது அருகில் உள்ள வேறு போட்டியில் சேர வேண்டும். வழியில் தென்படும் எதையாவது ஆடுங்கள் என்பதே வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆனால், தோற்ற போட்டியில் ஜெயித்தே தீர வேண்டும் என்று நினைப்பவருக்கு அந்தப் பயணம் வீண் வேலையாகத் தெரிந்தது.

இரண்டாவது, வழி கண்டுபிடிப்பது. பழைய பாகங்களில் தடுப்புகள் போட்டு ஒரே வழியாக்கியிருப்பார்கள். முழுக் கவனமும் ஓட்டுவதில் இருக்கும். பாரடைஸில் திரையின் மேலே தெருப் பெயர்கள் மின்னும். மூலையில் சிறிய மேப் இருக்கும். அதிவேகத்தில் எதிர் வாகனத்தையும் பார்த்து, மேப்பையும் பார்க்க வேண்டும். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் போட்டியே போய்விடும்.

மூன்றாவதும் பெரியதும், கிராஷ் மோட் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஷோ டைம் என்ற வசதி தரப்பட்டது. எந்தத் தெருவிலும், எந்த நேரத்திலும் இதனைத் தொடங்கலாம். உங்கள் கார் பந்து போலத் துள்ளித் துள்ளிச் சென்று மற்ற வாகனங்களில் மோதும். ஆனால், வாகனங்கள் எப்போது எங்கே வரும் என்று யாரும் அமைத்து வைக்கவில்லை. ஆகவே யோசித்துத் தீர்க்க வேண்டிய புதிர் அங்கே இல்லாமல் போனது. எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்ட பிறகு, நீங்கள் வரும் விநாடிக்குச் சரியாக ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்த யாராலும் முடியாதல்லவா?

மகிழ்ந்தவர்கள் சொன்னது

மறு தரப்பின் வாதமும் வலுவானதே. போட்டியே ஆடாமல், வெறுமனே சுற்றினாலும் இந்த நகரத்தில் வேலை உண்டு. உடைக்க 400 மஞ்சள் வேலிகள், பாய்ந்து தகர்க்க 120 விளம்பரப் பலகைகள், 50 பெரிய தாவல்கள் என நகரமெங்கும் ஒளித்து வைக்கப்பட்டுள்ளன. 64 சாலைகளிலும் தனித்தனியே சாதனை படைக்கலாம். கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நண்பர்களை இணையம் வழியாக அழைத்து, எட்டுப் பேர் வரை ஒரே நகரில் சேரலாம். இன்னொரு நன்மை மெதுவாகத்தான் தெரியும். சில நாட்கள் சுற்றியபின், எந்தச் சந்தில் புகுந்தால் எங்கே வெளியே வரலாம் என்பது மனதில் பதிந்துவிடும். பிறகு மேப்பைப் பார்க்காமலேயே போட்டியில் ஜெயிக்கலாம். சொந்த ஊரைத் தெரிந்து வைத்திருப்பது போன்ற இந்த உணர்வை, மூடிய சாலையால் தர முடியாது. விமர்சகர்களும் இந்த கேமைப் பெரிதும் பாராட்டினர்.

அதன் பின் நடந்தது

கிரைடீரியன் இலவச அப்டேட்கள் மூலம் கேமை விரிவாக்கியது. மோட்டார் சைக்கிள்களும், பகல் இரவு மாற்றமும் 2008ல் சேர்ந்தன. பலரும் கேட்ட மீண்டும் தொடங்கும் வசதி 2009ல் தரப்பட்டது. ஆக, முதல் குறை ஒரு அப்டேட்டில் தீர்ந்தது. ஆனால், கிராஷ் மோட் திரும்பவில்லை. அதற்கு அந்த நகரத்தில் இடமில்லை.

இதற்குப் பிந்தைய நிகழ்ச்சி ஒன்று கவனிக்கத்தக்கது. பர்ன் அவுட் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த அலெக்ஸ் வார்டும் ஃபியோனா ஸ்பெர்ரியும் பின்னர் வெளியேறி, த்ரீ ஃபீல்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் 2017ல் வெளியிட்ட டேஞ்சர் ஜோன் என்ற கேம், பழைய கிராஷ் மோட் போலவே சாலைச் சந்திப்புகளில் விபத்து உண்டாக்கும் கேம். திறந்த நகரத்தில் வைக்க முடியாத ஒன்றை, மூடிய இடத்தில் தனி கேமாகச் செய்தனர். பழைய ரசிகர்கள் எதை இழந்தோம் என்று சொன்னார்களோ, அது உண்மையான இழப்புதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மற்ற தொடர்களிலும் இதே கதை நடந்துள்ளது. கூரை விட்டுக் கூரை தாவி ஓடும் மிர்ரர்ஸ் எட்ஜ், 2008ல் லெவல்களாக வந்தது. 2016ல் கேட்டலிஸ்ட் என்ற பெயரில் திறந்த நகரமானபோது கலவையான வரவேற்பையே பெற்றது. செல்டா தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்ட் 2017ல் உலகெங்கும் புகழப்பட்டது. ஆனாலும் பழைய பாகங்களில் இருந்த பெரிய, சிக்கலான புதிர்க் கோட்டைகள் இல்லையே என்று வருந்தியவர்கள் உண்டு.

நீங்கள் வாங்கும் முன்

1. உங்களுக்கு எது பிடிக்கும் என்று முதலில் பாருங்கள். ஒரே சவாலைத் திரும்பத் திரும்ப ஆடித் தேர்ச்சி பெறுவது பிடிக்குமானால், லெவல் கேம்களே நல்லது. சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பது பிடிக்குமானால், ஓப்பன் வேர்ல்ட் உங்களுக்கானது.

2. நேரத்தையும் கணக்கிடுங்கள். தினமும் அரை மணி நேரம் மட்டுமே கிடைப்பவருக்கு, அதில் பாதி பயணத்திலேயே போய்விடலாம். நினைத்த இடத்திற்கு உடனே செல்லும் வசதியும், மீண்டும் தொடங்கும் வசதியும் உள்ளனவா என்று பாருங்கள்.

3. கம்ப்யூட்டரைச் சோதியுங்கள். திறந்த உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் மெமரியில் வைக்க முடியாது. நீங்கள் நகர நகர, முன்னால் உள்ள பகுதியை டிஸ்க்கிலிருந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்க் மெதுவானால் காட்சி திக்கும். 2023ல் வெளியான ஸ்டார்ஃபீல்ட், 125 ஜிபி இடத்தையும் எஸ்.எஸ்.டி. டிரைவையும் கட்டாயமாகக் கேட்கிறது.

4. ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஓப்பன் வேர்ல்ட் கேமில் இரண்டு மணி நேரம் தெரியாமலே ஓடிவிடும். கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

5. பாரடைஸை ஆடிப் பார்க்க விரும்பினால், 2018ல் வெளியான ரீமாஸ்டர்ட் பதிப்பைத் தேடுங்கள். பழைய பதிப்பின் ஆன்லைன் சேவை 2019ல் நிறுத்தப்பட்டுவிட்டது.

அடுத்த முறை ஒரு கேமின் புதிய பாகம் "முன்பைவிடப் பல மடங்கு பெரியது" என்று விளம்பரம் செய்தால், எதை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். எடுக்கப்பட்டது உங்களுக்குத் தேவைப்படாத ஒன்று என்றால், தயங்காமல் வாங்கலாம். அதுவே உங்களுக்குப் பிடித்தது என்றால், பழைய பாகம் இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.